கதையில் இல்லாத அக்கா

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உத்திரமேரூரில் எங்கள் தெருவுக்குப் பக்கத்து நூலகத்தில் வாசகர் வட்டம் நடந்தது. அந்த வருடம் படித்ததில் பிடித்த புத்தகங்களைப் பற்றி ஆளாளுக்கு எழுந்து பேச வேண்டும் என்றார்கள். நான் கடையில் தேங்காய் வாங்கிக்கொண்டு திரும்பியவள், சுண்டல் வாசனை இழுத்து உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். என் முறை வந்ததும் கொஞ்சமும் கூசாமல் எழுந்து நின்றேன்.

சொல்வதற்கு என்னிடம் நிறையவே சரக்கு இருந்தது. அதில் ஒன்றைக்கூட நான் கண்ணால் படிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

நான் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் லைனில் வேலை பார்க்கிறேன். காலையில் கம்பெனி பஸ் வந்து பஸ் ஸ்டாண்டில் எங்களை ஏற்றிக்கொள்ளும். என் பக்கத்து சீட்டு, சாலவாக்கம் பக்கமிருந்து டவுன் பஸ் பிடித்து வருகிற ஒரு பெண்ணுக்கு. என்னைவிட ரொம்பச் சின்னவள். அவள் நூலகத்தில் புத்தகம் எடுத்து வீட்டில் படிப்பாள், பஸ்ஸில் எனக்குச் சொல்வாள். ஓடுகிற பஸ்ஸில் எழுத்தைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். வீட்டில் அடுப்பும் துணியும் விடாது. ஆனால் கதை என்றால் காது தானாக நீளும். வாலாஜாபாத் தாண்டும்போது கதாநாயகிக்குக் கஷ்டகாலம் ஆரம்பிக்கும். கம்பெனி கேட்டில் பஸ் நிற்கும்போது, பாவி, சரியான இடத்தில் நிறுத்திவிடுவாள்.

நானும் சும்மா கேட்கிற ஆள் இல்லை. "அந்த மாமியாக்காரிய ரெண்டு அறை வுடணும்டி" என்று கத்துவேன். முன் சீட்டில் தூங்குகிறவர்கள் எல்லாம் விழித்துத் திட்டுவார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். இப்போது யோசித்துப் பார்த்தால், அந்த வருடம் முழுக்க "அப்பறம் இன்னாடி ஆச்சி?" என்பதைத் தவிர அவளிடம் நான் வேறு எதுவும் விசாரித்ததாக நினைவில்லை.

புரட்டாசி முடிகிற நேரம், ஒருநாள் பஸ்ஸிலேயே மஞ்சள் தடவிய பத்திரிகையை நீட்டினாள். தாய்மாமனோடு கல்யாணம். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்கு அனுப்ப மாட்டார்களாம். "குடுத்து வெச்ச மாப்ளடி, தெனம் கதை கேக்கலாம்" என்று கிண்டல் செய்தேன்.

"அவரு கதை கேக்கற ஆளு இல்லக்கா."

சொல்லிவிட்டு, பாதியில் நின்றிருந்த கதையை எடுத்தாள். செங்கல் சூளையில் வேலை செய்கிற ஒரு பெண்ணின் கதை. வழக்கமாக இழுத்து இழுத்துச் சொல்கிறவள் அன்றைக்கு அவசர அவசரமாக முடித்தாள். விருப்பமில்லாத இடத்தில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசிவிடுகிறார்கள். கூட வேலை பார்க்கிற ஒரு அக்கா மட்டும் அவள் கையைப் பிடித்து, "உனக்கு இன்னா வேணும், சொல்லு" என்று கேட்கிறாள். அந்தப் பெண் வாயைத் திறந்து சொல்கிறாள். அந்த அக்கா போய்ப் பேசுகிறாள், கல்யாணம் நின்றுபோகிறது. கதையை முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"சூப்பர்டி. அடுத்தது இன்னா கதை?" என்றேன்.

கல்யாணத்துக்குப் போனேன். பாயசம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடித்தேன். மேடையேறி போட்டோவில் பல் தெரியச் சிரித்துவிட்டு வந்தேன்.

வாசகர் வட்டத்தில் நான் சொன்னது இந்தச் செங்கல் சூளைக் கதையைத்தான். அக்கா கையைப் பிடிக்கிற இடம் வந்ததும் ஒரு கல்லூரிப் பெண் குறுக்கே பேசினாள். "ஆன்ட்டி, அந்தக் கதையில அந்த மாதிரி அக்காவே கெடையாதே. அந்தப் பொண்ண யாருமே எதுவும் கேக்க மாட்டாங்க. கட்டிக் குடுத்துடுவாங்க, அவ்ளோதான்."

"நீ வேற எதையோ படிச்சிட்டு வந்து பேசிக்கினு கீற" என்று நானும் விடவில்லை. நூலகர் அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தையே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். கடைசிப் பக்கங்களைப் பார்த்தேன். கல்லூரிப் பெண் சொன்னதுதான் சரி. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவமானத்தில் தேங்காயை அங்கேயே மறந்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் கதை சொன்ன பிள்ளைதான் மறந்து ஏதோ உளறியிருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. பொங்கல் லீவிலும் அடுத்து வந்த ஞாயிறுகளிலும், அவள் சொன்ன புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வந்து எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தேன். திருடன் ஒருவனின் சிரிப்புக் கதையை வரிக்கு வரி அப்படியேதான் சொல்லியிருந்தாள். அவள் ஞாபகத்தில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்தவள் கதையில் பக்கத்து வீட்டு அக்காவைக் காணோம். புருஷன் கப்பலுக்குப் போனவள் கதையில் ரேஷன் வரிசையில் வந்து கேட்கிற அக்காவைக் காணோம். எந்தப் பெண்ணை எதில் பிடித்துத் தள்ளினாலும், அங்கே ஓர் அக்காவை அவளே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்திருக்கிறாள்.

கடைசிப் புத்தகத்தை முடித்த அன்று சாயங்காலமே அவளுக்குப் போன் போட்டேன். இப்போது அவள் திருப்புட்குழிப் பக்கம் இருக்கிறாள்.

"நல்லா கீறேன்க்கா. இன்னாக்கா திடீர்னு?"

"நீ சொன்ன புக்கெல்லாம் படிச்சேன்டி. அந்த அக்கா எதுலயும் இல்லியே?"

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. "உனக்கு இன்னாடி வேணும்? சொல்லுடி" என்றேன்.

"இப்ப கேக்கறியேக்கா" என்றாள். குரலில் கோபமே இல்லை. எனக்கு ஆறுதல் சொல்வதுபோல இருந்தது. பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். "அப்பறம் பேசறேன்க்கா" என்று வைத்துவிட்டாள். அவளுக்கு என்ன வேண்டியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவள் சீட்டில் இப்போது வேறொரு பெண் உட்கார்கிறாள். பஸ் வாலாஜாபாத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்தச் செங்கல் சூளைப் பெண் ஞாபகம் வருகிறது. புத்தகத்தில் இல்லாத அந்த அக்கா ஒரு வருடம் முழுக்க கதை சொன்னவளின் பக்கத்து சீட்டிலேயேதான் உட்கார்ந்திருந்தாள் என்பதை நினைத்தால், கம்பெனி கேட் வரும்வரை என்னால் வாயைத் திறக்க முடிவதில்லை.