சத்தமில்லாமல் நடந்த கணக்கு வகுப்பு

அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் என் கணவரைக் கூப்பிட்டேன். வாய் அசைந்தது. காற்று மட்டும்தான் வந்தது.

கழுத்தில் தைராய்டு கட்டியை எடுத்திருந்தார்கள். குரல் நரம்பு பலவீனமடைய வாய்ப்புண்டு என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். இப்போது வந்து பார்த்துவிட்டு, "சிலருக்குச் சில மாதத்தில் குரல் திரும்பிவிடும். சிலருக்கு முழுதாக வராது. பொறுத்துப் பார்ப்போம்மா" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

அன்பானவர்களே, நான் எஸ்தர். கணக்கு டீச்சர். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகத் திருப்பூர் வந்தோம். கணவர் ஜெபராஜ் பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிறார். நான் வேலம்பாளையத்தில் ஒரு மாலை வகுப்பில் பாடம் நடத்தி வந்தேன். படிப்பைப் பாதியில் விட்டுக் கம்பெனி வேலைக்கு வந்த பெண்பிள்ளைகள் தனித்தேர்வர்களாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவதற்கான வகுப்பு அது. ஆர்டர் அவசரம் என்றால் பிள்ளைகளுக்கு ஓவர்டைம் வந்துவிடும், வகுப்பறை காலியாகிவிடும். அதனால் அந்த ஆண்டு பாடங்களை ஆன்லைனில் கொடுப்பது என்று முடிவாயிற்று. கணக்குப் பாடங்களைத் தயாரிக்கும் பொறுப்பு என்னுடையது. அந்த நேரத்தில்தான் எனக்கு இப்படி ஆனது.

ஞாயிறுதோறும் சபையில் பாடியதும் இந்தக் குரலால்தான், வகுப்பில் பேசியதும் இதனால்தான். இரண்டும் போனபின் நான் எதற்கு என்று தோன்றியது. சாப்பிடப் பிடிக்கவில்லை. யாராவது வந்தால் அறைக்குள் போய்விடுவேன்.

வகுப்பை நடத்தும் சரஸ்வதி அக்கா பார்க்க வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனச விட்றாதீங்க டீச்சர். ஆனாலும் புள்ளைங்க பரீட்சைக்குக் காத்துக்கிட்டு இருக்குதுங்க. இன்னொருத்தரப் பாக்கட்டுங்களா?"

அவர் பிள்ளைகளை நினைத்துத்தான் கேட்டார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

அன்று என் கணவர் சொன்னார்: "ஏட்டி, அழாத. நான் இருக்கேன்லா? நீ எழுதிக் குடு, நான் வாசிக்கேன்."

அப்படியே செய்தோம். பள்ளிக்கூடத்தில் ஒரு பீரியட் நடத்துவது போல முழுப் பாடத்தையும் எழுதினேன். வேலை முடிந்து களைத்து வந்த மனுஷன், அல்ஜீப்ராவை மூச்சு வாங்க வாசித்தார். அதைப் போனில் எடுத்து வீடியோக்களாக அனுப்பினோம். ஆசையோடு திறந்த பிள்ளைகள் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். போகப்போகத் திறப்பதையும் விட்டுவிட்டார்கள். அடுத்த பாடம் எப்போது என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாலை முழங்காலில் நின்றேன். சத்தம் போட்டு அழக்கூட எனக்கு வழியில்லை. உதடு மட்டும் அசைந்தது. அதுவரைக்கும் குரலைத் தாரும் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று, "ஆண்டவரே, குரல் எப்போது தருவீரோ, அது உம்முடைய சித்தம். இந்தப் பிள்ளைகள் என்னால் தோற்றுப் போகக் கூடாது. அவர்களுக்கு ஒரு வழி காட்டும்" என்று கேட்டேன். எழுந்தபோது மனதில் பாரம் குறைந்திருந்தது. வழிதான் தெரியவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தோம். வாசலில் மகேஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். அவிநாசிப் பக்கத்துப் பெண், தையல் பிரிவில் வேலை. பத்தாவது முடித்து நர்சிங் பக்கம் போக வேண்டும் என்பது அவள் கனவு. நான் கூப்பிடவில்லை. வருவதாக அவளும் சொல்லவில்லை.

"டீச்சர், இந்தக் காரணிப்படுத்தறது மட்டும் எனக்கு மண்டையில ஏறவே மாட்டீங்குதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. சாரு வாசிக்கறதக் கேட்டா சர்ச்சுல இருக்கற மாதிரியே இருக்குதுங்க."

என் கணவரே சிரித்துவிட்டார்.

ஒரு தாளை எடுத்தேன். பேச முடியாதே. கணக்கின் முதல் வரியை எழுதிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். புரிந்தது. அடுத்த வரியை எழுதினேன். முகம் சுருங்கியது. அந்த இடத்தை இரண்டாகப் பிரித்து எழுதிக் காட்டினேன். பிறகு பேனாவை அவள் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். யோசித்தாள், எழுதியதை அடித்தாள், மறுபடி எழுதினாள். விடை வந்துவிட்டது!

"ஏனுங்க டீச்சர், இதே மாதிரி நீங்க எழுதறத மட்டும் எடுத்து அனுப்புனா ஆகாதுங்களா? டீ டைம்ல பாத்துக்குவோமுங்க. கம்பெனிக்குள்ள மிஷின் ஓடற சத்தத்துல யாரு பேசுனாலும் எங்களுக்குக் கேக்கறதில்லீங்க."

நேற்று நான் கேட்ட வழி, ஒரு பிள்ளையின் வாயில் இருந்து வந்தது.

அன்றே தொடங்கினோம். என் கணவர் நூல் சுற்றி வரும் அட்டைக் கோன்களை அடுக்கிக் கட்டி, போனை நிறுத்த ஒரு ஸ்டாண்டு செய்து கொடுத்தார். என் கையும் தாளும் மட்டும் தெரியும். ஒரு வீடியோவுக்கு ஒரே கணக்கு, டீ குடித்து முடிப்பதற்குள் பார்த்துவிடலாம். முக்கியமான வரி வருமுன் பேனாவை வைத்துவிடுவேன், அதை அவர்கள் போட்டுப் பார்க்க வேண்டும். கடைசியில் அவர்களுக்கென்று ஒரு கணக்கு. போட்டதைப் படம் எடுத்து அனுப்புவார்கள். பலர் ஒரே இடத்தில் தவறியிருந்தால் தப்பு என் பாடத்தில்தான் என்று வைத்து, அதை அழித்துப் புதிதாக எடுப்பேன். ஒருத்தி அனுப்பாவிட்டால் அவள் பெயரைப் போட்டு விசாரித்து எழுதுவேன். போன் இல்லாத பிள்ளையை மகேஸ்வரி தன் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டாள்.

நின்றுபோனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். "எங்க தையல் லைன்ல படிக்காத அக்காமாருகூட எட்டிப் பாக்கறாங்க டீச்சர்" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். இன்னொருவரைத் தேட வேண்டாம் என்று சரஸ்வதி அக்காவே சொல்லிவிட்டார்.

தேர்வு முடிவு வந்த காலை, மகேஸ்வரி போன் செய்தாள்.

"டீச்சர், பாஸாயிட்டனுங்க! கணக்குலயும் பாஸுங்க!"

அவள் அழுதுகொண்டே பேசினாள். நான் என்னை மறந்து, "மகேசு!" என்றேன். கரகரத்த, உடைந்த ஒரு சத்தம். ஆனால் அது என் சத்தம். அடுப்படியில் இருந்த கணவர் கரண்டியோடு ஓடி வந்தார். அந்தப் பக்கம் அவள், "டீச்சர், பேசறீங்களா? பேசறீங்களா?" என்று கத்தினாள். மூன்று பேரும் அழுதோம்.

எல்லோரும் தேறிவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய்ச்சாட்சி. சிலர் தவறினார்கள். அவர்கள் மறுபடி எழுதுகிறார்கள், நானும் அவர்களோடு இருக்கிறேன். பேச்சுப் பயிற்சி எடுத்ததில் குரல் ஓரளவு தெளிந்திருக்கிறது. மேல் ஸ்தாயியில் பாட இன்னும் முடியவில்லை. சபையில் மற்றவர்களின் குரலுக்கு அடியில் மெதுவாகப் பாடுகிறேன். அதுவே எனக்கு நிறைவு. முன்பெல்லாம் வகுப்பில் நான் ஓயாமல் பேசுவேன். இப்போது ஒரு பிள்ளை யோசிக்கும்போது காத்திருக்கக் கற்றுக்கொண்டேன். ஜெபத்திலும் அப்படித்தான்.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது, இதற்கு மேல் கேட்க வார்த்தையே இல்லை என்ற நிலை இருக்கலாம். வார்த்தை இல்லாமலே அவர் முன்னால் போய் முழங்கால்படியிடுங்கள். உதடு அசைந்தது மட்டும்தான் என் ஜெபம். அதையும் அவர் கேட்டார். ஸ்தோத்திரம்.