கையில் ஏந்திய குழந்தை

இன்று காலை பிரேசர் டவுனில் ஒரு தலைப்பிரசவம்.

குழந்தை பிறந்ததும் கையில் ஏந்தினேன். ஏந்தியதாகத்தான் நினைத்தேன். விரல்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஈரத்தோடு அது வழுக்கிப் போவதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பக்கத்தில் நின்ற, பெற்றவளின் நாத்தனார் பாய்ந்து பிடித்துவிட்டாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஐயோ சிஸ்டர், புள்ளய உட்டுட்டீங்களே!"

"கை மரத்துப்போச்சும்மா" என்றேன். அவள் குழந்தையை மறுபடி என்னிடம் தரவேயில்லை.

அங்கிருந்து ஜட்கா வண்டி பிடித்து நேராக டாக்டரம்மாவிடம் போனேன். போன வாரம் எடுத்த எக்ஸ்ரே வந்திருந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கழுத்தெலும்பில் முள்முள்ளாக எலும்பு வளர்ந்து, கைக்குப் போகும் நரம்பை நெருக்குகிறதாம். மாதக்கணக்காக என்னைத் தூங்கவிடாத தோள்வலியும் கை எரிச்சலும் அதனால்தானாம்.

"இதுக்கு மருந்து இருக்கா டாக்டர்?"

"வலிக்குத் தரேன். வளந்த எலும்பக் கரைக்க மருந்து கெடையாது. இனிமே பிரசவம் பாக்க வேணாம் சிஸ்டர்."

சரி என்று எழுந்து வந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை.

எங்கள் தெருவில் ஓடி விளையாடும் பிள்ளைகளில் பாதிப் பேரை முதலில் தொட்டது இந்தக் கைதான். இப்போது ரவிக்கைக்கு ஊக்குப் போடவே அரைமணி ஆகிறது. பிரசவப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தொட்டாலும் தெரியாத கைக்கு ஏற்ற உத்தியோகம் ஏதாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்களேன்.