ராஜாவுக்கு ஒரு தாண்டல் உண்டு

திருவொற்றியூரில் என் லாரி ஷெட்டில் ஒரு மர நாற்காலி கிடக்கிறது. ஃபேனுக்கு நேர் கீழே, பின்னால் சுவரில் பிளக் பாயிண்ட். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து செஸ் ஆடுவோம். ஜெயித்தவன் அந்த நாற்காலியில் உட்காருவான். தோற்றவன் சாயங்காலம் வரை சுவரோரம் நிற்க வேண்டும். ஷெட் என்னுடையது, நாற்காலியும் நான் வாங்கிப் போட்டது, ஆனாலும் ஓசியில் உட்கார்ந்ததில்லை. மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ஹார்பரில் மூட்டை தூக்கி, நாலு டிரெய்லருக்கு முதலாளி ஆனவன் நான். செஸ்ஸும் அப்படித்தான், கப்பல் வராத நாட்களில் பார்த்துப் பார்த்துப் பிடித்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை என்னை ஒழுங்காக ஜெயித்தவன் கிடையாது என்றால் அது பெருமை இல்லை, தகவல்.

என் மனைவியின் தம்பி பேங்கில் இருந்து ரிடையர் ஆனவன். டிகிரி. வருஷக்கணக்காக ஞாயிற்றுக்கிழமைகளை நின்றே கழித்தவன். கொஞ்ச நாளாக அவனுக்கு ஒரே பேச்சு. கம்ப்யூட்டரிடம் உலக சாம்பியனே தோற்றுப்போவானாம். பெரிய மெஷின்கூட வேண்டாம், கையிலிருக்கும் ஃபோனே போதுமாம். சாம்பியனே அதனிடம்தான் பாடம் படிக்கிறானாம். சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், ஏதோ அந்த ஃபோனை அவனே பெற்று வளர்த்த மாதிரி.

அப்புறம் அவன் ஜெயிக்க ஆரம்பித்தான். தொடர்ந்து மூன்று ஞாயிறு. என் ஃபேனுக்குக் கீழே அவன், சுவரோரம் நான். என்னிடம் சம்பளம் வாங்கும் டிரைவர்களே தலைக்கு வயசாயிட்ச்சு என்று காதுபடப் பேசினார்கள். இன்னொரு ஆட்டமும் போனால் அந்த நாற்காலி அப்படியே அவன் பெயருக்கு மாறிவிடும் என்று எனக்குத் தெரியும்.

நாலாவது ஞாயிறு உட்கார்ந்தோம். மச்சான் ஒவ்வொரு மூவுக்கும் முன்னால் குனிந்து மேஜைக்கடியில் முட்டியைத் தேய்த்தான். மூட்டுவலியாம். நான் கண்டுகொள்ளவில்லை, என் கவலை என் ராஜாவைப் பற்றி. அவன் ராணியும் யானையும் மூலையில் நெருக்கிவிட்டன. அடுத்த மூவில் ஆட்டம் குளோஸ். ஆனால் அதுவரை நான் ஒரு செக்கும் வாங்கவில்லை. செக் வாங்காத ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரித் தாண்டலாம், ஹார்பர் காலத்திலிருந்து எங்கள் ஆட்டம் அப்படித்தான். போன மூன்று தடவையும் ஆரம்பத்திலேயே செக் வாங்கி அந்த உரிமையைத் தொலைத்திருந்தேன். இந்தத் தடவை பத்திரமாக வைத்திருந்தேன். தாண்டினேன்.

மச்சான் குனிந்தான். தேய்த்தான். மறுபடியும் தேய்த்தான். தலைக்கு மேல் ஃபேன் சுற்றியும் நெற்றியில் வேர்வை. கடைசியில் தன்னை மறந்து சொன்னான்.

"இன்னா மாமா, இது ஏத்துக்கவே மாட்டேன்னுது."

"எது மச்சான், முட்டியா?"

ஒரு டிரைவர் குனிந்து, அவன் மடியிலிருந்த ஃபோனை எடுத்து மேஜைமேல் வைத்தான். திரையில் எங்கள் ஆட்டமேதான். என் ராஜா மட்டும் இன்னும் பழைய மூலையிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தாண்டல் ஃபோனின் சட்டத்தில் கிடையாதாம். ஷெட்டே சிரித்தது.

நான் அவனை விரட்டவில்லை. மிச்சத்தைச் சொந்த மூளையில் ஆடு என்றேன். ஆடினான். முதலில் ராணியைக் கொடுத்தான், பிறகு யானையை, அப்புறம் கொடுக்க ஒன்றும் இல்லாமல் நாற்காலியைக் கொடுத்தான்.

எழுந்துகொண்டே, என்ன இருந்தாலும் உலக சாம்பியனைவிட ஃபோன்தான் பெரிசு என்று முனகினான். யார் இல்லை என்றது? அந்த ஃபோனை வாங்கி, அதன் சட்டப்படியே அதனோடு ஒரு ஆட்டம் போட்டேன். டீ ஆறுவதற்குள் என்னை முடித்துவிட்டது. சாம்பியனுக்கும் அதே கதி என்றால் நானும் அவனும் ஒரே பெஞ்சு என்றுதானே அர்த்தம்? ஃபோன் எங்கள் இரண்டு பேரையும்விடக் கெட்டிக்காரன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மச்சான் ஃபோன் இல்லையே.

சாயங்காலத்துக்குள் அதன் பேட்டரி இறங்கிவிட்டது. சுவரோரம் நின்றிருந்தவன் மெதுவாக என்னிடம் வந்தான்.

"மாமா, கொஞ்சம் நவுரு. சார்ஜ் போடணும்."

பிளக் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நான் இன்னொரு டீ சொன்னேன்.