பேபி கார் மலை ஏறிய நாள்

எங்கள் தோட்டத்தில் அந்தக் காருக்குள் கோழிகள்தான் குடியிருந்தன. பழைய துரை சீமைக்குத் திரும்பிப் போனபோது, தேயிலை ஃபாக்டரிக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் அதை விட்டுவிட்டுப் போயிருந்தார். பேபி கார் என்பார்கள். உண்மையிலேயே கைக்குழந்தை மாதிரிதான் இருக்கும். இரண்டு ஆட்கள் பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினால் தரையைவிட்டு எழும்பிவிடும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஃபாக்டரி இஞ்சின் அறையில் வேலை பார்த்தார். பெரிய துரைக்கு அடுத்த அதிகாரியான சின்னத் துரையிடம் கெஞ்சி அந்தக் காரைத் தொட அனுமதி வாங்கினார். அதன் பிறகு அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கொட்டகைதான். கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவர் நானுஓயாவில் ரயில் இஞ்சின் ரிப்பேர் பார்க்கும் சிங்களவர். கைத்தொழில்காரரைச் சிங்களத்தில் அழைப்பதுபோல அவரை எல்லாரும் பாஸ் என்று கூப்பிடுவோம். இன்னொருவர் நுவரெலியாவில் தையல்கடை வைத்திருந்த முஸ்லிம்; அவரை நானா என்போம். மூன்று பேரும் மூன்று விதமாகத் தமிழ் பேசினார்கள். கார்ப்ரேட்டர் என்ற சொல் மட்டும் மூவர் வாயிலும் ஒரே மாதிரி வந்தது.

உளுத்துப்போன கதவுகளைக் கழற்றிவிட்டு, தேயிலைப் பெட்டிப் பலகையில் புதுக் கதவுகள் செய்தார்கள். பச்சைச் சாயம் இரண்டு தரம் பூசியும் பலகையில் அச்சடித்திருந்த எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. நானா தார்ப்பாயில் கூரை தைத்தார். பாஸ் ஒரு பல்சக்கரத்தை மூன்று ஞாயிறுகள் உட்கார்ந்து அராவினார். முன்பக்கமிருந்த பெற்றோல் தாங்கி துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டதால், ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தை சீட்டுக்குப் பின்னால் உயரமாகப் பொருத்தி, அங்கிருந்து குழாய் இழுத்து இஞ்சினில் சேர்த்தார்கள். பாரம் பின்சக்கரத்தில் விழுவதால் மேடு நன்றாக ஏறும் என்பது மாமாவின் கணக்கு. அந்த யோசனையில் மூவருக்கும் தாங்க முடியாத பெருமை.

அந்த நேரம் பார்த்துப் பெரிய துரைக்கு உர மூட்டை அடுக்கக் கொட்டகை தேவைப்பட்டது. காரை வெட்டிப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிவிட்டார். சின்னத் துரைக்கும் கார்ப் பைத்தியம் உண்டு. அவர்தான் குறுக்கே புகுந்து பேசினார். நுவரெலியாப் பக்கத்தில் ஏப்ரலில் துரைமார் நடத்தும் மலையேற்றக் கார் பந்தயத்துக்கு மாமாவின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த மேட்டில் ஏறி முடித்தால் காரும் கொட்டகையும் மாமாவுக்கு, ஏறாவிட்டால் திங்கட்கிழமையே வெட்டு என்று பெரிய துரை சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், மாமா வெள்ளிக் கோப்பையோடு வருவார் என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லி வைத்தேன். எனக்கு அப்போது எட்டு வயது.

பந்தயத்தன்று பாஸும் நானாவும் என்னை இரண்டாவது வளைவுக்கு மேலே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்கள். பெரிய கார்கள் உறுமிக்கொண்டு போயின. அப்புறம் எங்கள் கார் வந்தது. வளைவைத் திரும்பி, செங்குத்து மேட்டில் கால் வைத்தது. இருமியது, குலுங்கியது, எங்கள் கண்ணெதிரே நின்றுவிட்டது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் நானா இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

பாஸ் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, பெற்றோல் வரல்ல! தகரம் கீழ போயிருச்சி, இஞ்சின் மேல போயிருச்சி. எப்பிடி ஏறும்?"

மாமா தகரத்தைத் திரும்பிப் பார்த்தார். இஞ்சினைப் பார்த்தார். பிறகு இறங்கினார்.

"அப்ப இஞ்சின் கீழ இருக்கட்டும், பாஸ். காரத் திருப்புவோம்."

கொடியோடு நின்ற வெள்ளைக்காரர் ஓடி வந்து இங்கிலீஷில் சத்தம் போட்டார். வெளியாள் கை வைத்தால் பந்தயத்திலிருந்து நீக்கிவிடுவார்களாம்; சின்னத் துரை வந்து தமிழில் சொன்னார். மாமா தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு பணிவாகப் பதில் சொன்னார்.

"நீக்கிக்கிடச் சொல்லுங்க, தொர. நான் மேல மட்டும் போயிட்டு வந்துர்றேன்."

நானா சாரத்தை மடித்துக் கட்டினார். அவரும் பாஸும் காரின் பின்பக்கத்தைத் தூக்க, சின்னத் துரை வெள்ளைச் சட்டையோடு முன்சக்கரத்தைத் தள்ள, கார் ரோட்டில் அப்படியே திரும்பி மலைக்கு முதுகைக் காட்டி நின்றது. பாஸ் இஞ்சினைக் கிளப்பும் கம்பியை முன்னால் போட்டுச் சுழற்றினார். இஞ்சின் பிடித்துக்கொண்டது.

மாமா கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி, பின்பக்கமாகவே ஏற்ற ஆரம்பித்தார். நாங்கள் கூடவே ஓடினோம். ஒரு வளைவு. இன்னொரு வளைவு. ஓரிடத்தில் சக்கரம் ரோட்டோரம் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கப் பார்த்தது. மாமா அசையாமல் ஸ்டியரிங்கை ஒடித்து மேலே கொண்டுவந்தார். அவ்வளவு நிதானமான கைகளை நான் அதற்குப் பிறகும் அதிகம் பார்த்ததில்லை. சிரித்தவர்களின் சத்தம் எங்கே கைதட்டலாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. பந்தயம் முடியும் இடத்தில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டை, காரின் பின்பக்கம் முதலில் தொட்டது.

பெரிய துரை அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, மாமாவின் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார். எந்தப் பக்கமாக ஏற வேண்டும் என்று தான் சொல்லவில்லையே என்றாராம். கோப்பை வேறு யாருக்கோ போனது.

திரும்பி வரும் வழியில், ஒரு வளைவில் மாமா காரை ஓரங்கட்டினார். ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்க அழுதார். பாஸும் நானாவும் இறங்கிப்போய், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி முதுகு காட்டி நின்றார்கள். எனக்குத் தாங்கவில்லை. மாமாவின் முழங்கையைத் தொட்டேன்.

"அழுவாதீங்க மாமா. கோப்பைய அடுத்த வருசம் வாங்கிக்கிடலாம்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஈரக் கண்ணோடு சிரித்தார். "ஆமா தாயி, வாங்கிக்கிடலாம்" என்றார்.

துரையின் கார் வந்தால் ரோட்டைவிட்டு இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு கானோரம் நிற்க வேண்டும். மாமா சிறுவயதிலிருந்து அப்படித்தான் நின்றிருக்கிறார். அன்று அவருடைய கார் போக வழிவிட்டு, துரைமார் கானோரம் ஒதுங்கி நின்றார்கள். அவர்களில் சிலர் தொப்பியைக்கூடக் கழற்றினார்கள். அதை நானும்தான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்தும், கோப்பை கிடைக்காததற்குத்தான் மாமா அழுகிறார் என்று நினைத்தேன்.