விட்டுக் கொடுக்கத் துணி இல்லை

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் ‘ம்ம்ம் அக்கா’. தையல் கடை திறந்த பதினெட்டு வருடமாக அவள் வாயில் எந்நேரமும் நாலு குண்டூசி இருக்கும். துணி சுருங்குமா என்று கேட்டாலும் ம்ம்ம்; எப்போது கிடைக்கும் என்றாலும் ம்ம்ம். எந்த ம்ம்ம் ‘ஆமாம்’, எந்த ம்ம்ம் ‘போய்த் தொலை’ என்பது வாடிக்கைக்காரர்களுக்கு அத்துப்படி.

ஊசியோடு பேச முடியாதே தவிர, முனக முடியும். மிஷினை மிதித்தால் ஏதாவது ஒரு மெட்டு தானாக வந்துவிடும். வார்த்தை மட்டும் ஒன்றுகூட நினைவிருக்காது. வெளியூரில் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது அம்மாவின் போனில் ஒரு பாட்டுச் செயலியைப் போட்டுக் கொடுத்தாள்.

“இது ஏஐம்மா. நீ முனகினாலே பாட்டைக் கண்டுபிடிக்கும். நீ பேசறதைக் கேட்டு உன் மனசுக்கு ஏத்த மாதிரி லிஸ்ட் போட்டுக் கொடுக்கும்.”

“உங்க அப்பாவுக்கே இருபத்திரண்டு வருஷமா என் மனசு தெரியலை. இதுக்குத் தெரியுமாக்கும்!”

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாத மனிதர். “ஒரு வீட்டுக்கு எதுக்கு ரெண்டு கணக்கு?” என்று தன் போனிலும் அதே கணக்கைப் போட்டுக்கொண்டார். மனைவிக்கு விழும் லிஸ்ட் அவருக்கும் விழும். மதியச் சாப்பாட்டின்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்பார்.

முதல் வாரம் அவள் ஊசி வாயோடு ஒரு தாலாட்டை முனகினாள். செயலி ராணுவ அணிவகுப்பு இசையைப் போட்டது. கத்தரிக்கோலும் அந்தத் தாளத்துக்கே நடைபோட்டதில் ஒரு சட்டைக்குக் கை இரண்டு அங்குலம் குறைந்துபோனது. போகப்போக இருவருக்கும் ஒத்துப்போயிற்று. கை எப்போதும் துணியிலேயே இருந்ததால் மைக்கை அணைக்கும் வழக்கம் மட்டும் அவளுக்கு வரவேயில்லை.

ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி பழைய கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினாள். இடுப்பில் பொத்தான் எட்டவில்லை. அக்கா வாயிலிருந்து ஊசிகளை எடுத்தாள். அப்படி எடுத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

“எத்தனை வருஷமா இப்படி இழுத்துப் பிடிச்சுகிட்டு இருக்கீங்க?”

“இருபது இருக்கும் அக்கா.”

“இனிமே தாங்காது. விட்டுக் கொடுத்து விட்டுக் கொடுத்து, இப்ப விட்டுக் கொடுக்க உள்ள ஒண்ணுமே மிச்சமில்லை. பேசாம பிரிச்சுடலாம்.”

“ஐயோ, மனசு கேக்கலையே அக்கா!”

“முதல்ல அப்படித்தான் இருக்கும். பிரிச்சப்புறம் பாருங்க, மூச்சு விடவே எவ்வளவு நிம்மதியா இருக்குன்னு.”

மேசைமேல் கிடந்த போன் இதையெல்லாம் பயபக்தியோடு கேட்டுக்கொண்டது.

மறுநாள் காலை அவள் கண்விழித்தபோது கட்டில் பக்கத்தில் டீ ஆவி பறந்துகொண்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அடுப்பு எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத மனிதர் போட்ட டீ! புதன்கிழமை அவருடைய சாப்பாட்டு டப்பாவை அவரே கழுவினார். வியாழக்கிழமை ஈரத்துண்டைக் கட்டில்மேல் போடவில்லை. வெள்ளிக்கிழமை வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

“என்கிட்ட ஏதாவது சொல்லணும்னா சொல்லிடு. நான் கோவப்பட மாட்டேன்.”

அவளுக்கு ஒரே சந்தேகம். அவரிடம் டாக்டர் ஏதும் சொல்லிவிட்டாரா? இது கடைசிக்காலப் பாசமோ? மகளுக்கு போன் போட்டு விம்மினாள். மறுமுனையில் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அம்மா, உன் லிஸ்ட்டை நீ பார்க்கறதே இல்லையா? நான் போட்ட கணக்கு, என் போன்லயும் தெரியும். திங்கட்கிழமை விழுந்ததுக்குப் பேரைப் படிக்கிறேன் கேளு. ‘விட்டுக்கொடுத்துக் களைத்த மனத்துக்கு’. கீழ ஒரு குறிப்பு வேற. ‘இருபது வருடம் இழுத்துப் பிடித்தீர்கள். பிரிந்த பின் வரும் நிம்மதிக்கு இருபது பாடல்கள்.’ அப்பா எனக்கு போன் பண்ணி, ‘அம்மா பிரியப் போறாளா’ன்னு கேட்டு அழாத குறை. நீ ஏதோ துணியைப் பத்திப் பேசியிருப்பேன்னு புரிஞ்சுது; நீயே அவர்கிட்ட சொல்லிக்கோன்னு விட்டுட்டேன். இன்னிக்கே சொல்லிடு.”

டீச்சரின் கோட்டு விஷயத்தைச் சொல்லத்தான் வீட்டுக்குப் போனாள். உள்ளே நுழைந்தால், அவர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொல்ல வந்தவள் ஈரத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து அடுப்படிக்குப் போனாள். ‘நாளைக்குச் சொன்னால் ஆகாதா என்ன?’

மறுநாள் கடையில் யாருமில்லாத நேரம் பார்த்து, ஊசிகளை எடுத்து வைத்துவிட்டு, போனைக் கையிலெடுத்தாள்.

“இன்னும் முடிவு பண்ணலை. ஜன்னல் எல்லாம் ஒரே தூசி. அதைப் பார்த்தாலே மனசு கல்லாகுது. அதுக்கேத்த பாட்டு போடு.”

‘தூசி படிந்த ஜன்னலோரம்’ என்று லிஸ்ட் விழுந்தது. அன்று சாயங்காலம் வீட்டு ஜன்னல்கள் கண்ணாடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும்படி பளபளத்தன. அடுத்த நாள் பரண். அதற்கடுத்த நாள், ‘யாராவது கால் பிடித்துவிட்டால்’ என்ற தலைப்பில் பன்னிரண்டு பாட்டு. பத்து நாள் அவள் மகாராணி.

பதினோராம் நாள், அவள் கேட்காமலே ஒரு லிஸ்ட் வந்து விழுந்தது. ‘போகிற இடத்தில் பூத்திரு’. கீழே, கேட்டவர் சொன்னதை அப்படியே போட்டிருந்தது: “அவளைத் தடுக்கக் கூடாது. எவ்வளவு செஞ்சும் அவ மனசு இளகலை. என்னோட இருந்தது போதும்னு நினைக்கிறா போல. அழாம வழியனுப்புற மாதிரி பாட்டு இருந்தா போடு.”

அவர் வாயிலிருந்து இவ்வளவு நீளமாக ஒரு பேச்சு வந்து அவள் கேட்டதே இல்லை. அதுவும் ஒரு மிஷினிடம்!

கையிலிருந்த ஊசி சரியாக விரலில் இறங்கியது. விளையாட்டு என்று நினைத்து எதைக் கிழித்துக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் உறைத்தது. கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க, கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினாள். இரண்டு தெரு தள்ளி ஒரு ஏழுமாடிக் கட்டடத்தில் அவருக்கு வேலை.

“மெக்கானிக் எங்க?” என்றாள் மூச்சிரைக்க. “மேல” என்றார் காவலாளி. மேல் என்றால் ஏழாவது மாடி என்று எண்ணி, கதவு திறந்து கிடந்த லிஃப்டுக்குள் பாய்ந்தாள். தலைக்கு மேலிருந்து, லிஃப்டின் கூரையிலிருந்தே குரல் வந்தது.

“யாரு அது? ரிப்பேர்னு போர்டு தொங்குதே, கண்ணு தெரியலையா?”

“நான்தாங்க.”

மேலே திருகிக்கொண்டிருந்த ஸ்பானர் நின்றது. பிறகு, “சொல்லிட்டுப் போகத்தான் வந்தியா?” என்றது குரல்.

“ஐயோ, நான் எங்கயும் போகலைங்க! பிரிக்கச் சொன்னது கோட்டை! டீச்சரோட கோட்டை! விட்டுக் கொடுக்க இல்லைன்னது துணியை! அந்தப் பாழாப்போன மிஷின் நம்ம குடும்பத்தைச் சொல்றேன்னு எடுத்துக்கிச்சு!”

மேலே ஏதோ ஸ்பானர் கீழே விழுந்தது.

“கோட்டா?”

“கோட்டுதாங்க!”

“அப்ப ஜன்னலு?”

அவள் இஞ்ச் டேப்பை விரலில் சுற்றினாள். ஊசி இல்லாமலே, “ம்ம்ம்” என்றாள்.

மேலே அவர் ஏதோ பொத்தானை அழுத்த, கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் ஆடி அசைந்து மேலேறி, இரண்டாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நின்றது.

“ஏங்க! என்னங்க பண்றீங்க?”

“பரணு?”

“தெரிஞ்சேதான்.”

“தினமும் காலு பிடிச்சேனே, அது?”

“அதுவும்தான். நிறுத்த மனசே வரலைங்க. நல்லா இருந்துச்சு.” அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள். “நீங்க வழியனுப்பப் பாட்டு கேட்டதைப் பார்த்ததும் உசிரே போயிடுச்சு. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவை இதை என்கிட்ட நேரா கேட்டிருக்கக் கூடாதா?”

“கேட்டேனே. செருப்பு மாட்டறப்ப.”

“அது கேள்வியா?”

கூரையிலிருந்த சின்னக் கதவு திறந்தது. கிரீஸ் அப்பிய முகம் ஒன்று தலைகீழாக எட்டிப் பார்த்தது. அழுதிருந்ததா, சிரித்துக்கொண்டிருந்ததா என்று அந்தக் கிரீஸில் சொல்ல முடியவில்லை.

“சரி, இப்ப நேரா கேக்கறேன். என்னோட இருக்கறதுல என்னென்ன குறை? ஒண்ணு விடாம சொல்லு.”

“இங்கயா?”

“இங்கதான் நீ எழுந்து போக முடியாது.”

அவள் லிஃப்டின் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “எழுதிக்கோங்க” என்று முதல் விரலை மடக்கினாள். ஐந்தாவது மாடியில் யாரோ பொறுமையிழந்து பொத்தானை அழுத்தி அழுத்திக் கதவைத் தட்டினார்கள்.

“ரிப்பேர் நடக்குது!” என்று அவர் மேலே பார்த்துக் கத்தினார். “படியில போங்க!”