மலையைச் சுற்றி ஒருவழிப் பாதை

எங்கள் வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேன் என் அண்ணனுக்கு ஓடவில்லை, அவனுடைய கம்ப்யூட்டருக்கு ஓடியது. சித்திரை வெயிலில் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டு அவன் கட்டிலில் சாய்ந்திருப்பான். ஃபேனோ, பக்க மூடியைக் கழற்றிப்போட்ட அந்தப் பெட்டிக்குக் காற்று வீசிக்கொண்டிருக்கும். கெஸ்ட்ஹவுஸில் ரிசப்ஷன் வேலை முடிந்து வந்ததும் முதல் காரியமாக ஃபேனை அவன் பக்கம் திருப்புவேன். "ஏய், திருப்பாதடீ. அது சூடாச்சின்னா நின்னுடும்" என்பான். "நீ வெந்துபோனா பரவால்லியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பவும் பெட்டிப் பக்கமே வைப்பேன். வேறென்ன செய்வது?

அவனுக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துகொண்டே போகும் நோய். முதலில் கால் போயிற்று. அடுத்து கை, கடைசியில் மூச்சு என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போனவன். நடக்க முடியாமல் ஆனபின் ஆட்டோவில் வைத்துச் சுற்றிக் காட்டினோம். பிறகு ஆட்டோவில் உட்காரவும் உடம்பு கேட்கவில்லை. அப்போதுதான் இந்த ஊர் கட்டும் கேமைப் பிடித்துக்கொண்டான். அதில் சாலை போட்டு, குழாய் இழுத்து, கரண்ட் கொடுத்தால் ஜனங்கள் தாங்களாகவே குடிவருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒரு வேலை, போய்வர ஒரு வழி உண்டு. உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, இவன் கட்டியது திருவண்ணாமலையை.

மண்ணை உயர்த்தி உயர்த்தி மலை செய்தான். அந்தக் கேமில் கோபுரத்துக்கு எங்கே போவது? ஒரு தண்ணீர்த் தொட்டியை நிறுத்தி, "இதான் ராஜகோபுரம், கண்ண மூடிக்கினு கும்பிட்டுக்கோ" என்றான். வேங்கிக்காலில் ஆபீஸ்கள் வந்தன. செங்கம் ரோட்டில் லாட்ஜும் காபிக்கடையும் வந்தன. எல்லாத் தெருவையும் மலையைச் சுற்றும் பாதையில் கொண்டுபோய்ச் சேர்த்தான். அவனுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. அந்தப் பாதை பௌர்ணமி மாதிரி நிரம்பி வழிய வேண்டும், விரல் ஆடுகிற வரைக்குள் அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். "நடந்தா இன்னா, வண்டியில போனா இன்னா, சுத்தினா சரி" என்பான்.

ஊர் சின்னதாக இருந்தவரை கேம் ஜோராக ஓடியது. ஜனம் ஜாஸ்தியாக ஆக நொண்டியடிக்க ஆரம்பித்தது. பஸ் ஓர் அடி போகும், நின்றுவிடும். திரையின் மூலையில் இருக்கும் கடிகாரம் நகராது. மவுஸைத் தட்டினால் எப்போது நடக்கும் என்று தெரியாது. நீங்களும் நானும் என்றால் எரிச்சலோடு இன்னொரு தடவை தட்டுவோம். அவனுக்கு வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் மிச்சம். ஒரு தட்டுக்குப் பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து அழுத்துவான். இந்தச் சனியன் பிடித்த பெட்டி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாது. பார்க்கிற எனக்கு அதைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிடலாமா என்று வரும்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். "ரேம் கம்மிங்க" என்றார் கடைக்காரர். வாங்கிப் போட்டோம். "படம் காட்டற கார்டு பழசுங்க" என்றார். அதையும் மாற்றினோம். படம் கண்ணாடி மாதிரி பளிச்சென்று தெரிந்தது, நகரத்தான் இல்லை. "ஊரைக் கொஞ்சம் சின்னதா வெச்சிக்கச் சொல்லுங்க மேடம்" என்றார் கடைசியில். "இருக்கிற ஜனத்த எங்க தொரத்தறதுங்க?" என்று சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே இன்னொரு கையால் திரையில் ஒரு காரைத் தட்டினேன். அது போகப்போகும் வழியைக் கேம் கோடு போட்டுக் காட்டியது. கார்க்காரன் வீட்டுக்குக் கொஞ்சம் பின்னாலேயே அவன் வேலை செய்யும் கடை இருந்தது. கார் முன்பக்கமாகக் கிளம்பி, மலையை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றிக் கடைக்கு வந்தது. அடுத்த பஸ்ஸும் அப்படியே. குப்பை வண்டியும் அப்படியே. அண்ணன் பாதையை ஒருவழியாகப் போட்டு வைத்திருந்தான். மலையை வலப்பக்கம் வைத்துத்தான் எவரும் போக முடியும். ஊரே ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்க, அத்தனை பேருடைய வழிக்கும் கணக்குப் போட்டுப் போட்டுப் பெட்டி திணறிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி! ரெண்டு பக்கமும் வுட்டிருந்தா எப்பவோ ஓடியிருக்குமே. இதுக்கா நான் கடைக்கு நடையா நடந்தேன்?"

"மலைய இடப்பக்கம் வெச்சிக்கினு எவனாவது சுத்துவானா?"

"ஐயோ, இது கேமுண்ணா!"

"கேமுன்னா? நம்ம ஊரு இல்லியா இது?"

அன்றிலிருந்து தினமும் இதே சண்டை. அவன் அசைந்து கொடுக்கவில்லை. ஒரு நாள் காலையில் மவுஸ்மேல் அவன் விரல் கிடந்தது. அழுத்திப் பார்த்தான், அழுந்தவில்லை. அந்த விரலையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "இனிமே நீதான் தட்டணும். சரி, உன் இஷ்டத்துக்கு மாத்திக்கோ" என்றான். அவன் இன்னும் நாலு சண்டை போட்டிருக்கலாம்.

பாதையை இருவழியாக்கினேன். கொஞ்ச நேரத்தில் பெட்டியின் இரைச்சல் அடங்கியது. கடிகாரம் விறுவிறுவென்று ஓடியது, வண்டிகள் வழுக்கிக்கொண்டு போயின. "பாத்தியா! எப்பிடி ஓடுது பாத்தியா!" என்று குதித்தேன். அவன் மலைக்குப் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னான். காட்டினேன். அங்கே ஒரு வண்டிகூட இல்லை. எல்லாரும் கிட்டத்து வழியாக அவரவர் கடைக்கும் ஆபீசுக்கும் போய்விட்டார்கள். அவர்களுக்கு என்ன வேண்டுதலா? வேறு வழியில்லாமல்தானே இத்தனை நாளும் சுற்றினார்கள்.

"யாரையும் காணோமேடீ" என்றான்.

அவன் குரலைக் கேட்டதும் நானே பாதையை மறுபடி ஒருவழியாக்கினேன்.

அது நிரம்புவதற்குள் அவனுக்கு மூச்சு மெஷின் வந்துவிட்டது. அதன்பிறகு நான் பிடிவாதமாக ஃபேனை அவன் பக்கம் திருப்பினேன். பெட்டி பழையபடி அலறியது. அவன் கேட்டபடியே, மலையைச் சுற்றி விளக்குப் போட்ட வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிறைந்தன. ஓர் அடி நகரும், உறைந்து நிற்கும். "நிரம்பிடுச்சிண்ணா. ஆனா நின்னுகினே இருக்கு பாரு" என்றேன். மாஸ்க்கை விலக்கச் சொல்லிக் கண்ணால் காட்டினான். "பௌர்ணமிக்கு இப்பிடித்தான் நிக்கும். எனக்கு இன்னா அவசரம்" என்றான்.

ஒரு மத்தியானம், கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டான். குளிப்பாட்டத் தூக்கும் முன்னால் நான் போய் அந்த ஊரைச் சேவ் செய்துவிட்டுப் பெட்டியை அணைத்தேன். இந்த நேரத்தில் கம்ப்யூட்டர் கேக்குதா என்று உறவுக்காரர் யாரோ திட்டினார்கள். திட்டட்டும்.

அடுத்த பௌர்ணமி சாயங்காலம் எங்கள் தெரு வழியாக ஜனம் போய்க்கொண்டே இருந்தது. நான் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைப் போட்டேன். அவன் ஊர் திறக்க யுகமாயிற்று. காரும் பஸ்ஸும் குப்பை வண்டியும் விட்ட இடத்திலேயே நின்றன. முன்னால் நின்ற பஸ் ஓர் அடி நகர்ந்தது, நின்றது. பெட்டி சூடேறி இரையத் தொடங்கியது. டேபிள் ஃபேன் இன்னும் காலிக் கட்டிலைப் பார்த்தபடிதான் இருந்தது. எழுந்துபோய் அதைப் பெட்டிப் பக்கம் திருப்பி வைத்தேன்.