தோளில் இருந்த கை

எங்கள் மன்றம் ஒவ்வோர் ஆண்டும் மனித உரிமை நாளன்று காலை பத்தரை மணிக்கு நினைவுக் கூட்டம் நடத்துகிறது. எங்கள் பக்கத்திலிருந்து வேலைக்குப் போய், கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி மூச்சுமுட்டி இறந்தவர்களின் படங்களை வைத்து, பூப் போட்டு, இரண்டு நிமிடம் மௌனமாக நிற்போம். பிறகு, விருப்பம் இருந்தால் குடும்பத்தார் பேசுவார்கள். நான் செயலாளர். நாற்காலி முதல் மைக் வரை என் பொறுப்பு. எதைச் செய்வதானாலும் முதல் நாளே நாட்குறிப்பில் எழுதி வைத்துவிடுவேன். அந்த ஆண்டு செய்த தப்பையும் அப்படித்தான், முதல் நாளே என் கையால் எழுதி வைத்திருந்தேன்.

அதுவரை படங்கள் ஆளுக்கொரு அளவில் இருந்தன. ஒன்று ரேஷன் கார்டிலிருந்து பெரிதாக்கியது, இன்னொன்று கல்யாண ஆல்பத்தில் வெட்டியது. எனக்கு அது உறுத்தலாக இருந்தது. உயிரோடு இருந்தபோது கிடைக்காத மரியாதையைச் சுவரிலாவது ஒழுங்காகக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆறு படங்களையும் ஸ்டுடியோவில் கொடுத்து, ‘இரண்டடிக்கு மூன்றடி, நீலப் பின்னணி, தோளுக்கு மேல் மட்டும்’ என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். ஆறாவது படத்துக்கு எதிரே மட்டும் ஒரு குறிப்பு: ‘குழந்தை வேண்டாம்.’

அந்தப் படத்தைக் கொடுத்தவர் திருவேங்கடம் ஊர்ப் பக்கத்துப் பெண். விசைத்தறிக் கூடத்தில் நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் வேலை. கணவர் இறந்த பிறகு எத்தனையோ முறை கூப்பிட்டும் எங்கள் கூட்டத்துக்கு வந்ததில்லை. அந்த ஆண்டுதான், நாலாம் வகுப்புப் படிக்கும் மகள் கேட்டாள் என்று வரச் சம்மதித்தார். ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் எடுத்த படம் அது. இடுப்பில் பத்து மாதக் குழந்தையோடு கணவர் நிற்கிறார். வேறு படமே கிடையாது.

கூட்ட நாளன்று ஒன்பதே முக்காலுக்கே தாயும் மகளும் வந்துவிட்டார்கள். பள்ளிச் சீருடை, புது ரிப்பன். சிறுமி நேராகச் சுவரருகே போய் ஆறாவது படத்தின் முன் நின்றாள். நல்ல நீலம், நேரான தோள்கள். பாராட்டு வரும் என்று நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

“எம்மா, என் கையக் காணோம்.”

“சத்தம் போடாதட்டி.”

“அப்பா தோள்ல என் கை இருக்கும்லா? அழிச்சிட்டாங்க.”

அவள் அழவில்லை. விடுவிடுவென்று வெளியே போய் வாசல் படியில் உட்கார்ந்துகொண்டாள். அம்மா கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

“கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி” என்றார் அந்தப் பெண், தப்பு அவருடையது போல. “அவளுக்கு அவ அப்பா ஞாபகமே கிடையாது. ஒன் கை இந்தா இருக்கு பாரு, அப்பாவத் தொட்டுக்கிட்டு இருக்க பாருன்னு காட்டிக் காட்டித்தான் வளத்தேன். பெரிய படமா வருதுன்னதும், நானும் அதுல வாரேன்னு வகுப்பு முழுக்கச் சொல்லி வச்சிருக்கா.”

நாட்குறிப்பைத் திறந்தேன். பாலித்தீன் உறைக்குள் மூலப் படம் பத்திரமாக இருந்தது. சட்டைக் காலரைத் தாண்டி, தோளின்மேல் நாலு சின்ன விரல்கள். அவற்றை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்று எழுதினேன்.

ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டேன்.

“வே, ஆறாவது படம் முழுசா வேணும். குழந்தையோட. இப்பவே.”

“நல்லா இருக்கே! அந்த நாலு வெரல எடுக்க எனக்கு அரை மணி நேரம் ஆச்சு. தையக்காரன் கணக்கா சட்டையத் தச்சுல்லா வச்சிருக்கேன்.”

“தச்சதப் பிரியும்.”

“எல்லாம் ஒரே சைஸா இருக்கணும்னு நேத்து ஸ்கேல வச்சு என்னைய வாட்டுனீரு. இது ஒசரத்துல அடங்காதே அண்ணாச்சி, அகலமால்லா வரும்.”

“நாலடி வரட்டும். வந்த மாதிரி இருக்கட்டும்.”

மவுஸைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “ஒறிஜினல் ஸ்கேன் கம்ப்யூட்டர்ல கெடக்கு. நானே கொண்டாரேன்” என்றார்.

எங்கள் தலைவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. கூட்டம் கொஞ்சம் பிந்தும் என்று அவரிடம் சொன்னேன். “சொல்லுதது யாரு, நீங்களா?” என்று என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

பத்து ஐம்பதுக்கு ஃப்ளெக்ஸ் வந்தது, மை வாடையோடு. வரிசையில் அதற்கு இடம் போதவில்லை. பக்கவாட்டு ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். வெளி வெளிச்சம் பின்னால் பட்டு, அந்தப் படம் மட்டும் மற்றவற்றைவிடப் பளிச்சென்று தெரிந்தது. வெளியே போய்ச் சிறுமியின் அருகே படியில் உட்கார்ந்தேன்.

“நான்தான் எடுக்கச் சொன்னேன். தப்புதான். இப்ப வந்து பாரு.”

“கை இருக்கா?”

“இருக்கு.”

அவள் எழுந்து வந்தாள். ஜன்னலருகே நின்று பார்த்தாள். பிறகு தன் வலது கையைத் தூக்கி, படத்தில் இருந்த கையின்மேல் வைத்தாள். பெரிதாக்கியதில் பத்து மாதக் குழந்தையின் கை ஒன்பது வயதுக்காரியின் கை அளவுக்கு வந்திருந்தது. விரலுக்கு விரல் பொருந்தியது. அளவெடுப்பதையே வேலையாக வைத்திருக்கும் நான் அதைத் திட்டமிடவில்லை.

மௌனத்தின்போது எல்லோரும் எழுந்து நின்றோம். வழக்கமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடத்தை முடித்து வைப்பவன் நான்தான். அன்று பார்க்கவில்லை. அவள் கை இறங்குகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவர் கனைத்த பிறகே உட்கார்ந்தோம்.

அந்தப் பெண் பேச மாட்டார் என்று நினைத்தேன். மைக்கைத் தொடாமலே, மகள் பக்கத்தில் போய் நின்று பேசினார்.

“அன்னைக்குக் காலைல இவ எறங்க மாட்டேன்னு தோள்ல தொங்குனா. எறக்கி எங்கிட்டக் கொடுத்துட்டு வேலைக்குப் போனாரு. உள்ள எறங்கச் சொன்னவங்க யாரும் அவருக்கு ஒரு கயிறுகூடக் கட்டல. அவ்வளவுதான்.”

கூட்டம் முடிந்ததும் படத்தைக் கேட்டார்கள். சுருட்டி, நூல் கட்டி, பஸ் நிலையம் வரை நானும் போனேன். சுருள் சிறுமியின் உயரத்துக்கு இருந்தது. அம்மா வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார், அவள் கொடுக்கவில்லை. தோளில் சாத்திக்கொண்டு படியேறினாள்.

“ஏட்டி, யாரு கண்ணுலயும் குத்திராத. என்னது அது?” என்றார் கண்டக்டர்.

“நானும் எங்கப்பாவும்.”

கண்டக்டர் அவளைப் பார்த்தார், அவள் அம்மாவைப் பார்த்தார். பிறகு மடங்காமல் இருக்கட்டும் என்று, டிரைவர் இருக்கைக்குப் பின்னால் நிமிர்த்தி வைக்க இடம் பண்ணிக் கொடுத்தார்.